நெல்லைச் சீமையில் இருந்துகொண்டே கார்ட்டூனிஸ்ட் ஆவது எப்படி: முதல் நோட்டிலிருந்து முதல் பில் வரை

மே மாதம் வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் யாராவது ஒரு அப்பாவும் பிள்ளையும் வந்து நிற்பார்கள். பிள்ளையின் கையில் ஒரு ஃபைல் இருக்கும். உள்ளே நடிகர் படங்கள், ஒரு புத்தர், பென்சில் ஷேடிங்கில் ஒரு பெரிய கண், அந்தக் கண்ணில் ஒரு துளி நீர். அப்பா கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "படம் நல்லா வரையுதான் சார். இதை வச்சுப் பிழைச்சுக்கிடுவானா?"

பிழைத்துக்கொள்ளலாம். நான் இருபது வருடமாக இதில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அந்த ஃபைலில் இருப்பவை எல்லாம் பிள்ளைக்குப் பிடித்த படங்கள். அவனுக்கு வசதியான அளவில், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, போட்டோவைப் பார்த்து வரைந்தவை. தொழிலில் வேறொருவர் சொன்ன விஷயத்தை, அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் போட்டோ இல்லாமல் வரைய வேண்டும். இந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த வருடங்களில் என்னென்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் சென்னைக்குப் போனால்தான் முடியும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். காலண்டரில் நாம் பார்த்து வளர்ந்த லட்சுமியையும் முருகனையும் அந்த முகத்தோடு ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்து 1976 வரை வாழ்ந்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர், கோவில்பட்டியில் நிலைகொண்டு, சீடர்களை உருவாக்கி, சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்தார். எட்டயபுரத்தில் பிறந்து நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழில் அந்தக் கலைக்குக் கால்கோள் அதுதான். இரண்டு பேரும் இந்தக் கரிசலிலும் தாமிரபரணிக் கரையிலும் நடந்தவர்கள்.

முதலில் எந்த வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

'படம் போடுகிற வேலை' என்று ஒன்று கிடையாது. நாளிதழுக்கு அன்றாடம் கருத்துப்படம் போடுவது ஒரு வேலை. கதைக்கும் கட்டுரைக்கும் படம் போடுவது வேறு. குழந்தைகள் புத்தகம், காமிக்ஸ், பாடநூல், விளம்பரப் படத்துக்குக் காட்சி காட்சியாக வரைந்து கொடுக்கும் ஸ்டோரிபோர்டு, கடைக்கு ஒரு பொம்மைச் சின்னம், காலண்டர், கல்யாண வீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களை ஐந்து நிமிடத்தில் கேலிச்சித்திரமாக வரைவது என்று ஒவ்வொன்றுக்கும் கை, மூளை, சம்பளம் எல்லாம் வேறு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகைக்கு வரைந்தே பேர் வாங்கிய மாலி, கோபுலு, சில்பி காலம் இப்போது இல்லை. 1941-இல் தொடங்கிய கல்கி 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. பத்திரிகையில் நிரந்தர வேலை கிடைப்பவர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் குழந்தைகள் புத்தகத்துக்கான வேலை கூடியிருக்கிறது. சென்னையில் தாரா புக்ஸ், தூலிகா, அப்புறம் பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்கள் படத்துக்கும் ஓவியருக்கும் உரிய இடம் கொடுக்கின்றன. காமிக்ஸ் என்றால் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் தொடங்கியது அங்கேதான். அவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் தமிழ் வடிவம் என்றாலும், படக்கதையை அச்சிடத் தெரிந்த ஊர் நம் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

முதல் வருடம் ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டாம் வருடம் இரண்டில் நில்லுங்கள்: மனதுக்குப் பிடித்த ஒன்று, மாத வருமானம் தரும் ஒன்று. என் விஷயத்தில் குழந்தைகள் புத்தகம் முதலாவது, பாடப் பயிற்சி நூல்களுக்கான படம் இரண்டாவது.

ஒரு வருடம் ஆளைப் பாருங்கள்

நான் பள்ளி விடுமுறைகளில் டவுனில் போர்டு எழுதும் ஒரு அண்ணாச்சியிடம் எடுபிடியாக இருந்தேன். ஃபிளெக்ஸ் வருவதற்கு முந்தைய காலம். ஒருநாள் ஒரு கடைப் பலகையில் எண்ணெய் ஆட்டும் செக்கையும் ஒரு ஆளையும் வரையச் சொன்னார். காலண்டர் உருவம் மாதிரி ஒன்று வரைந்தேன். அவர் தின்னர் துணியால் துடைத்துவிட்டு, "கோடு போடுததுக்கு முன்னால ஆளைப் பாருல. செக்கு ஆட்டுதவன் இப்படியா நிப்பான்?" என்றார். பேட்டைப் பக்கம் ஒரு செக்கடிக்கு அனுப்பிவைத்தார். அன்றைக்குத்தான் உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று முதன்முதலாகக் கவனித்தேன்.

பாரம்தான் முதல் பாடம். ஒரு மலிவான வெள்ளைத்தாள் நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் போதும். பென்சில் வேண்டாம், அழிப்பான் இருந்தால் கை அழிக்கத்தான் போகும். தினமும் இருபது உருவம். முப்பது நொடியில் பத்து, இரண்டு நிமிடத்தில் பத்து. முகம் வரையாதீர்கள். தலை, தோள் சாய்வு, இடுப்புச் சாய்வு, பாரம் இறங்கும் கால், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து முகத்துக்கு வாருங்கள்.

எங்கே உட்காருவது? நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. சாயங்காலம் கீழ ரதவீதியில் இருட்டுக்கடை எதிரே நிற்கும் கூட்டம் நகராமல் நிற்கும். வரிசையில் நிற்கிற உடம்பை வரைய அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சலித்துப்போய் நிற்பார்கள். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் தூங்குகிற உடம்பு கிடைக்கும். மகாராஜநகர் உழவர் சந்தையில் குனிகிற, தூக்குகிற உடம்பு. குறுக்குத்துறைப் படித்துறையில் துணி துவைக்கிறவர்கள், ஈர உடையின் மடிப்பு.

கைகளை வரைய மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் போங்கள். தெரிந்த வீடாகப் பார்த்து, அனுமதி கேட்டு, பீடி சுற்றும் பெண்கள் பக்கத்தில் உட்காருங்கள். மடியில் தட்டு, தூளை இலையில் வைத்து விரல்கள் சுருட்டிக்கொண்டே இருக்கும். அந்த விரல்களை ஒரு மாதம் வரைந்தவருக்கு அப்புறம் எந்தக் கையும் பயம் தராது. பத்தமடையில் பாய் நெய்பவர்களும் அப்படித்தான்.

உடையையும் இங்கிருந்தே கற்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் பேண்ட், கோட்டு மடிப்பைத்தான் சொல்லித்தரும். மடித்துக் கட்டிய சாரத்தின் (லுங்கியின்) முடிச்சிலிருந்து மடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, கொசுவம் வைத்த சேலை நடக்கும்போது எங்கே இழுபடும், தலையில் சும்மாடு வைத்தால் கழுத்து எப்படி நேராகும் என்பதை நீங்களேதான் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பதிப்பகத்துக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய, வேறு ஊர்க்காரர் கொடுக்க முடியாத சரக்கு இதுதான். பறவை, மரம் வரைய ஆசை இருப்பவர்கள் சீசனில் கூந்தன்குளம் போய்விடலாம். மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் நிற்பதை ஊருக்குள்ளேயே, வீட்டு மரத்திலேயே பார்த்து வரைய முடிகிற இடம் அது.

முகம் தெரியாதவர்களை வரையும்போது ஒரு மரியாதை வேண்டும். கவனித்து யாராவது முகம் சுளித்தால் நோட்டை மூடிவிடுங்கள். கேட்டால் காட்டுங்கள். எனக்குப் பெரும்பாலும் டீதான் கிடைத்திருக்கிறது.

கோடும் மையும்

அடுத்த ஆறு மாதம் மை. டிஜிட்டலில்தான் வேலை செய்யப்போகிறேன் என்பவர்களும் இதைத் தாண்ட வேண்டாம் என்பேன். கடையில் கிடைக்கும் கறுப்பு இந்தியன் இங்க், இரண்டாம் நம்பர் வட்டத் தூரிகை, தொட்டு எழுதும் ஒரு நிப், கார்ட்ரிட்ஜ் தாள். அச்சில் வரப்போகும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள். சுருக்கும்போது கைநடுக்கம் மறையும். ஆனால் மெல்லிய கோடுகள் நெருங்கி மை அப்பிக்கொள்ளவும் செய்யும். எவ்வளவு நெருங்கினால் அப்பும் என்று தெரிய, நீங்கள் வரைந்ததைச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். இரண்டு ரூபாய்ப் பாடம்.

கோடு கற்க ஆசிரியர் வேண்டுமென்றால் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு வாரம் ஒருமுறை போங்கள். நாயக்கர் காலச் சிற்பங்கள். ஒரு தூணில் இருக்கும் வீரபத்திரரின் வெளிக்கோட்டை மட்டும், உள்ளே ஒன்றும் போடாமல், ஒரே மூச்சில் வரையப் பாருங்கள். நகையையும் நரம்பையும் விட்டுவிட்டாலும் அந்த ஆவேசம் வெளிக்கோட்டிலேயே நிற்கும். கார்ட்டூனுக்குத் தேவையானது அந்த நிழலுரு. கறுப்பாக நிரப்பினாலும் ஆள் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும்.

கதையைக் கட்டம் கட்டமாகச் சொல்வது

காமிக்ஸ், படப்புத்தகம் எதுவானாலும் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு வாசகரின் கண்ணை நடத்திக்கொண்டுபோகத் தெரிய வேண்டும். இதற்கு நம் பக்கத்தில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. வீரவநல்லூரைத் தாண்டி, ஆற்றங்கரையில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். அதன் ராஜகோபுரத்துக்குள் ஐந்து தளங்களிலும் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. போர்க்காட்சிகள், குதிரைகள் வந்திறங்கும் கப்பல், புராணக் கதைகள் எல்லாம் பட்டை பட்டையாக, வரிசையாக ஓடும். ஒரே ஆள் அடுத்தடுத்த காட்சியில் திரும்பத் திரும்ப வருவான். உடையாலும் நிறத்தாலும்தான் அவனை அடையாளம் வைத்திருப்பார்கள். காமிக்ஸில் பாத்திரத்தை வாசகர் எப்படித் தொடர்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் பார்த்ததில்லை. மேலே ஏறக் கோயிலில் அனுமதி கேட்க வேண்டும். கேமரா வெளிச்சம் அடிக்காமல், சுவரைத் தொடாமல் பார்த்து வாருங்கள். குற்றாலம் சித்திரசபையின் சுவர்களையும் ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு ஒரு வழி: உங்கள் ஆச்சி சொன்ன ஒரு கதையை எடுத்துக்கொண்டு எட்டுப் பக்கத்தில் சொல்லுங்கள். முதலில் தீப்பெட்டி அளவில் எட்டுப் பக்கத்தையும் ஒரே தாளில் ரஃப் போடுங்கள். இதில்தான் பாதி வேலை முடியும். எங்கே தூரத்துக் காட்சி, எங்கே முகம், எந்தப் பக்கம் திருப்பினால் ஆச்சரியம் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தாளிலேயே முடிவாக வேண்டும். பெரிதாக வரைந்துவிட்டு அப்புறம் யோசித்தால் நெஞ்சு வலிக்கும், மாற்ற மனம் வராது.

தமிழில் படக்கதை செய்பவர்கள் ஒன்றை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். முதலில் எழுத்து, அப்புறம் படம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலக் கட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் பேச்சு பலூனுக்குச் சின்ன இடம் விட்டுவிட்டு, பின்னால் 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லை உள்ளே அடைக்க முடியாமல் ஆளின் தலையை மறைப்பார்கள். வசனத்தை உண்மையான எழுத்துரு அளவில் கட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்ச இடத்தில் ஆளை நிறுத்துங்கள்.

கருத்துப்படத்துக்குத் தனிப் பயிற்சி

அரசியல் கார்ட்டூன் வரைய விரும்புகிறவருக்கு வரைவது மூன்றில் ஒரு பங்கு வேலைதான். தினமும் காலையில் இரண்டு நாளிதழை முழுதாகப் படியுங்கள், உள்ளூர்ப் பக்கம் உட்பட. செய்தியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதன் கீழ் உங்கள் கோபம் யார் மேல், எதற்காக என்று இன்னொரு வாக்கியம். அந்த இரண்டாவது வாக்கியம் வராவிட்டால் அன்று அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள். வந்துவிட்டால் ஐந்து ரஃப். முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும். நாலாவது ஐந்தாவதில்தான் உங்களுடையது வரும். மாலை ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாள் இதைச் செய்தவரைத்தான் ஓர் ஆசிரியர் நம்புவார்.

இதில் இருக்கும் ஆபத்தை மறைத்துச் சொல்லிக்கொடுப்பது சரியில்லை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் துயரத்தால் குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைப் பற்றிக் கடுமையாக ஒரு கருத்துப்படம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா அடுத்த மாதம் நெல்லைப் போலீசாரால் கைது செய்யப்பட்டு, பிறகு ஜாமீனில் வந்தார். அந்தக் குழந்தைகளின் படம் மனதில் இருக்கும் யாருக்கும் அவருடைய கோபம் புரியும். அவதூறுச் சட்டம் எழுத்தைப்போலவே படத்தையும் கணக்கில் எடுக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 356-ஆம் பிரிவு. பொது ஊழியரின் பொதுச் செயலைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு அதிலேயே விலக்கு உண்டு. அதனால் செய்தி நறுக்கை, தேதியோடு, ஒவ்வொரு படத்தோடும் சேர்த்து வையுங்கள். பதவியில் இருப்பவர் செய்ததை வரையுங்கள். அவர் உடம்பை, குடும்பத்தை, நோயை விட்டுவிடுங்கள்.

நம் சீமையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதி இங்கே எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும். கையில் கட்டும் கயிற்றின் நிறம், மீசை, பேச்சு, தோல் நிறம் எதையும் ஒரு சமூகத்தின் அடையாளமாக்கிச் சிரிக்கவைக்காதீர்கள். வில்லன் என்றால் கறுப்பு, ஏமாளி என்றால் கிராமத்தான் என்று நம் பத்திரிகைகளே பழக்கிவிட்ட கை இது. பாடநூலுக்கு நான் வரைந்த ஆரம்ப காலப் படங்களில் நல்ல பிள்ளைகள் எல்லோரும் வெளுப்பாக இருந்ததை ஒரு டீச்சர் காட்டிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

படிப்பு

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்கள் செய்முறைத் தேர்வு எழுதி நான்கு வருடப் பட்டப்படிப்பில் சேரலாம். சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. கோபுலு கும்பகோணத்தில் படித்தவர். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு, வீட்டில் தயங்குபவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் படிக்கத் தனி நுழைவுத் தேர்வு, ஐஐடி வடிவமைப்புப் படிப்புகளுக்கு யூசீட் தேர்வு. எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம், வரைதல் பகுதியும் உண்டு. இவற்றுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பழக வேண்டும்.

ஓவிய ஆசிரியர் வேலையும் ஒரு வழி என்று நினைப்பவர்கள் ஓவியத்துக்கான அரசு தொழில்நுட்பத் தேர்வுகளை, லோயர், ஹையர் இரண்டையும் எழுதி வையுங்கள். வேறு டிகிரி படித்துக்கொண்டே வரைபவர்களுக்கும் கதவு மூடவில்லை. பதிப்பகத்தில் இதுவரை யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. ஆனாலும் கல்லூரியில் கிடைக்கிற நான்கு வருட நேரமும், கூடப் படிக்கிற கைகளும் வேறெங்கும் கிடைக்காது. வாய்ப்பு இருந்தால் போய்விடுங்கள்.

கருவியும் அச்சும்

முதல் டேப்லெட்டை விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், திரை இல்லாத சாதாரணப் பேனா டேப்லெட் போதும். ஹுயான், எக்ஸ்பி-பென், வேகாம் எதுவானாலும் சரி. கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைய இரண்டு வாரத்தில் பழகிவிடும். வரையும் மென்பொருள்களில் கிருதா இலவசம், புத்தகப் படம் முழுக்க அதில் செய்ய முடியும். காமிக்ஸுக்கு கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் நல்லது. ஐபேட் இருந்தால் புரோகிரியேட். எதையும் திருட்டுப் பிரதியாகப் போடாதீர்கள். நாளைக்கு உங்கள் படத்தை ஒருவர் திருடும்போது பேச உங்களுக்கு வாய் வேண்டும்.

அச்சு பற்றித் தெரியாத ஓவியரால் அச்சகத்தில் எல்லோருக்கும் கஷ்டம். என் முதல் அச்சுப் படம் ஒரு சிற்றிதழில் வந்தது. கணினித் திரையில் அழகாக இருந்ததை அப்படியே 72 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற அளவில், அனுப்பிவிட்டேன். வந்த இதழில் முகங்கள் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்திருந்தன. அதை அம்மாவிடம் காட்டவே இல்லை. நீங்கள் அந்த வலியைப் பட வேண்டாம். வண்ணப் படம் அச்சளவில் 300 டிபிஐ. ஏ4 என்றால் 2480-க்கு 3508 பிக்சல். வெறும் கறுப்புக் கோட்டுப் படம் என்றால் 600, முடிந்தால் 1200. பக்கத்தின் விளிம்பு வரை நிறம் போகிற படம் என்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள், வெட்டும்போது போய்விடும். மென்பொருளில் கோடு தனி லேயர் (அடுக்கு), நிறம் தனி லேயர். கோட்டின் கறுப்பு ஒற்றைக் கறுப்பு மையாக மட்டும் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பில் மெல்லிய கோடு போட்டால், பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் கோட்டுக்குப் பக்கத்தில் நிறம் பிதுங்கும்.

திரையில் ஜொலிக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கிவிடும். அதனால் அச்சின் நாலு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். தமிழ் எழுத்துக்கு இன்னொரு சங்கடம். அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்தைக் கோக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சிவகாசியில் பெரும்பாலும் கோரல் டிரா. எழுத்தை 'கர்வ்' செய்து, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது.

ஒரு வாரமாவது சிவகாசியில் தெரிந்தவர் மூலம் ஓர் ஆப்செட் அச்சகத்தில் போய் நில்லுங்கள். பிளேட் போடுவது, முதல் தாள் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்ப்பது, மை கூட்டிக் குறைப்பது எல்லாம் கண்ணால் பார்த்தால்தான் மேலே சொன்னது மண்டையில் ஏறும்.

காட்டுவதற்குப் பன்னிரண்டு படம்

போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பு என்றால் இதுவரை வரைந்த எல்லாம் என்று நினைக்கிறார்கள். பன்னிரண்டு போதும். குழந்தைகள் பதிப்பகத்துக்கு என்றால், ஒரே பாத்திரம் ஐந்து உணர்ச்சியில், அதே பாத்திரம் தொடர்ந்து மூன்று பக்கங்களில் ஒரு கதைக்குள், ஒரு கூட்டக் காட்சி, ஒரு மழை அல்லது இரவுக் காட்சி, இரண்டு விலங்கு. ஒரு பாத்திரம் பத்துப் பக்கத்திலும் அதே பாத்திரமாகத் தெரிகிறதா என்றுதான் ஆசிரியர் முதலில் பார்ப்பார். நடிகர் படத்தை எடுத்துவிடுங்கள். வேறொருவருடைய பாத்திரத்தை வரைந்ததையும் எடுத்துவிடுங்கள். வெளிவந்த வேலை எதுவும் இல்லையே என்று தயங்க வேண்டாம். தெரிந்த ஒரு கதையை எடுத்து, வேலை வந்ததுபோலவே அளவும் தேதியும் வைத்துச் செய்து சேருங்கள்.

அனுப்பும் மின்னஞ்சல் ஐந்து வரி: யார், எந்த ஊர், அவர்கள் வெளியிட்ட எந்த வகை நூலைப் பார்த்து எழுதுகிறீர்கள், என்ன வகைப் படம் செய்கிறீர்கள், பார்க்க வேண்டிய இணைப்பு. படங்களை இன்ஸ்டாகிராமில் மட்டும் வைத்திருந்தால் ஒரு நாள் கணக்கு முடங்கினால் எல்லாம் போகும். பிடிஎஃப் ஒன்றும் தயாராக இருக்கட்டும். பதில் வராவிட்டால் மூன்று மாதம் கழித்துப் புதிய படத்தோடு மறுபடி எழுதுங்கள். எனக்கு முதல் புத்தக வேலை நாலாவது மின்னஞ்சலுக்குத்தான் வந்தது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். சிவகாசியில் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாகும், ஆகவே அந்த வேலைக்கு வருடத் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். தீபாவளி மலர் வேலை ஆவணி, புரட்டாசியில். ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் நூல்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்போது புது ஆளைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

பணமும் காகிதமும்

எவ்வளவு கேட்பது? 'நீங்களே பார்த்துக் குடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மாதச் செலவு, கருவிக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் காசு வரும் வேலை செய்ய உண்மையில் பதினாறு நாள்தான் கிடைக்கும், மிச்ச நாள் திருத்தம், பேச்சு, பயிற்சியில் போகும். ஒரு நாளுக்கு 1,500. ஒரு படம் இரண்டு நாள் எடுக்கும் என்றால் 3,000-க்குக் கீழே இறங்கினால் உங்கள் கையிலிருந்து கொடுக்கிறீர்கள். இதற்கு மேல், படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூட வேண்டும்.

அந்தப் 'பயன்பாடு' என்ற சொல்லுக்கு நான் அதிக விலை கொடுத்தேன். ஒரு நிறுவனம் காலண்டருக்கு என்று வாங்கிய படத்தை நோட்டு அட்டையிலும் பையிலும் போட்டது. கேட்டபோது, காசு கொடுத்தாகிவிட்டதே என்றார்கள். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். பொதுவாக, படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் 17-ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு வரைந்தால் உரிமை முதலாளிக்குப் போகும். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையவைக்கும் ஓவியமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருடையது ஆகலாம். ஆகவே, வேறு ஒப்பந்தம் இருக்கட்டும். உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை விற்ற பிறகும் படத்தில் உங்கள் பெயரைக் கோரவும், பெயர் கெடும்படி சிதைத்தால் எதிர்க்கவும் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிப்புரிமையின் காலம் படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் அறுபது வருடமும்.

பெரிய பத்திரம் எல்லாம் தேவையில்லை. ஒரு மின்னஞ்சலில் இதை எழுதி, 'சம்மதம்' என்று பதில் வாங்கி, தொகை பெரிதானால் கையெழுத்துப் போட்ட காகிதமாக்குங்கள்: எத்தனை படம், என்ன அளவு, எந்தத் தேதி, எந்த நூலுக்கு மட்டும், எத்தனை வருடம், ரஃப் நிலையில் இரண்டு திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம், பாதி அட்வான்ஸ், பாதியில் நிறுத்தினால் அதுவரை செய்ததற்குக் காசு, அட்டையில் பெயர். கூச்சப்பட ஒன்றுமில்லை. அண்ணாச்சி கடையில் அரிசி வாங்கினாலும் சிட்டை தருகிறார்.

பான் அட்டை, தனி வங்கிக் கணக்கு, எண் போட்ட பில் மூன்றும் முதல் வேலைக்கு முன்னாலேயே தயாராக இருக்கட்டும். நிறுவனங்கள் வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும், கட்ட வேண்டியதைவிட அதிகமாகப் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாக இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். பதிந்தவருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் அந்தப் பதிவு எண் இருந்தாலே சில இடங்களில் காசு சீக்கிரம் வருகிறது.

பத்திரம்

கடைசியாக, வரைந்ததைக் காப்பாற்றுவது. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, ஆற்றுப்பக்கம் நண்பர் வீட்டில் கட்டிலுக்கடியில் வைத்திருந்த என் பதினோரு வருட மூலப்படங்கள் இருந்த இரும்புப் பெட்டி நனைந்தது. மையில் வரைந்தவற்றில் பாதி பிழைத்தது, நீர்வண்ணத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் 2016-க்குப் பிறகானவற்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், மதுரையில் தங்கை வீட்டில் இன்னொரு டிஸ்க்கிலும், இணையக் கிடங்கிலும் வைத்திருந்தேன். வெள்ளம் வடிந்து ஐந்து மாதம் கழித்து ஒரு பதிப்பகம் பழைய புத்தகம் ஒன்றை மறுபதிப்புச் செய்யக் கேட்டது. தங்கை அன்று மாலையே கோப்பை அனுப்பினாள். மறுபதிப்புக்குத் தனித் தொகை என்று ஒப்பந்தத்தில் இருந்தது, பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது.